‘முக்கியம்’ என்றொரு குறிச்சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் படித்துச் சேமித்து வைக்கும் கட்டுரைகளுக்கு ஒரு காலத்தில் நான் அதிகமாக இட்ட குறிச்சொல் (பிறகு தேடி எடுக்க ஒட்டிவைக்கும் அடையாளச் சொல், ‘டேக்’) ‘முக்கியம்’. ஒருநாள் அதைச் சொடுக்கிப் பார்த்தேன். முந்நூறு கட்டுரைகள் வரிசை கட்டி நின்றன. எது எதற்காக முக்கியம் என்பது எனக்கே விளங்கவில்லை.

அச்சுப் புத்தகத்தை ஒரு தட்டில்தான் வைக்க முடியும். பஞ்சங்களின் வரலாறு என்றால் அது வரலாற்றுத் தட்டுக்கா, வேளாண்மைத் தட்டுக்கா? நூலகர்களின் பழைய தலைவலி இது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூலின் பொருளை இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்துக் குறியெண்ணில் கோத்தது. அப்போதும் நூல் நின்றது ஒரே தட்டில்தான். இணையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு படத்துக்குப் பத்துக் குறிச்சொற்கள் இட்டால் பத்து வாசல் வழியாகவும் அதை அடையலாம்.

இணைய இணைப்புகளைச் சேமிக்க 2003இல் தொடங்கிய டெலிசியஸ், படங்களைப் பகிர அடுத்த ஆண்டு வந்த ஃபிளிக்கர் ஆகிய தளங்கள் இந்தப் பழக்கத்தைப் பரப்பின. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்மொழிந்த ஹேஷ்டேக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வகுத்துக் கொடுக்க ஆள் இல்லாத வகைப்பாடு என்பதால் குழப்பமும் உண்டு. ஒருவர் ‘கோயில்’ என்கிறார், இன்னொருவர் ‘கோவில்’ என்கிறார். பல தளங்களில் கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். போதாததற்கு, நம் மொழியில் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘மழையில் நனைந்தேன்’ என்று எழுதி, முதல் சொல்லையே ஹேஷ்டேக் ஆக்கினால், ‘மழை’யைத் தொடர்பவருக்கு அது தென்படாமலே போகலாம். வேர்ச்சொல்லைத் தனியே, கடைசியில் இடுவதே என் வழக்கம்.

தேடுபொறி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுரையில் உள்ள சொல்லைத் தேடுபொறி கண்டுபிடித்துவிடும். அதையே குறிச்சொல்லாக இடுவது வீண் வேலை. பிரிவைப் பாடும் கவிதையில் ‘பிரிவு’ என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். அங்கேதான் குறிச்சொல் வேண்டும். ஒன்றை நான் எதற்காக எடுத்து வைத்தேன் என்பதும் எந்தக் கட்டுரைக்குள்ளும் எழுதியிருப்பதில்லை.

அந்த முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ‘உரைக்கு உதவும்’, ‘மறுக்க வேண்டியது’ என்று காரணத்தையே குறிச்சொல்லாக்கினேன். ஏழெட்டு மட்டும் இன்னும் ‘முக்கியம்’ என்றே கிடக்கின்றன. ஏன் சேமித்தேன் என்று நினைவில்லை; அழிக்கவும் மனம் வரவில்லை.