இரண்டாவது லைன்பேக்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது பந்தைக் கையில் பிடித்து, தோளோடு தோள் மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அதிலும் லைன்பேக்கர் என்ற ஒரே ஓர் இடத்தைப் பற்றி. ஓர் அணி தன் லைன்பேக்கர்கள் மீது இன்னும் அதிகமாகப் பணம் போட வேண்டுமா என்பது கேள்வி. நான் ஃபிலடெல்ஃபியாப் பக்கம் குடியிருப்பவன். இந்த ஊரில் முடிவெட்டப் போனால்கூட இந்தப் பேச்சு வந்துவிடும். அதனால் ஈகிள்ஸ் அணியின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும். தெரிந்தே கேளுங்கள்.

தடுக்கும் அணியில் பதினொரு பேர். முன்வரிசையில் மலை மாதிரி ஆட்கள். பின்னால், நீளமான பந்துகளைத் தடுக்க, வேகமாக ஓடுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் லைன்பேக்கர். வானொலி கேட்கிற உங்களுக்கு ஒரு விஷயம் பிடிக்கும். தடுக்கும் அணியில் ஒரே ஓர் ஆளின் ஹெல்மெட்டுக்குள் மட்டும் ரேடியோ இருக்கும். 2008-இல் வந்த விதி. அந்த ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அதை அணிகிறவர் நடு லைன்பேக்கர். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அடுத்த வியூகத்தை அவர் காதில் சொல்வார். பந்து கிளம்பக் கொடுத்திருக்கும் நேரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தச் சத்தம் அறுந்துவிடும். அதற்குமேல் அவர் பாடு. எதிரணி ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினால் இவர்தான் கத்திக் கத்தித் தன் பக்கத்து ஆட்களை நகர்த்த வேண்டும்.

பந்து கிளம்பியதும் இன்னொரு சோதனை. குவார்ட்டர்பேக், அதாவது எதிரணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், பந்தைத் தன் அணியில் அதோடு ஓடுகிறவரின் வயிற்றருகே கொண்டுபோகிறார். கொடுத்துவிட்டாரா, கொடுப்பதுபோல் காட்டுகிறாரா? கொடுத்துவிட்டார் என்று நம்பி லைன்பேக்கர் இரண்டு எட்டு முன்னே வைத்தால், அவர் தலைக்கு மேலே, அவர் விட்டுவந்த இடத்துக்கே பந்து போகும். நம்பாமல் நின்றால் ஓடுகிறவர் பக்கத்தால் கடந்து போய்விடுவார். இன்றைய தாக்குதல் வியூகங்களில் பாதிக்கு இலக்கே அந்த இரண்டு எட்டுதான்.

இவ்வளவு வேலை பார்க்கிறவருக்குக் கூலி எவ்வளவு? 2024-இல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 25.54 கோடி டாலர். 53 பேர் அதற்குள் அடங்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணியின் ஃபிரெட் வார்னர், இந்தத் தலைமுறையின் தலைசிறந்த நடு லைன்பேக்கர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஆள், 2025-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர். அதே 2025-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி மைக்கா பார்சன்ஸுக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 4.7 கோடி. பார்சன்ஸ் கல்லூரியில் லைன்பேக்கர்தான். டல்லாஸ் அணி அவரை 2021-இல் லைன்பேக்கர் என்று சொல்லித்தான் எடுத்தது. பிறகு சில எட்டு முன்னே நகர்த்தி, வரிசையின் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டும் வேலையைக் கொடுத்தார்கள். நிற்கும் இடம் மாறியது, சந்தை விலையும் எங்கேயோ போய்விட்டது.

இதைச் சந்தையின் முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். குவார்ட்டர்பேக்குக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காத முன்வரிசை இருந்தால் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் வேலை எளிது. எதிரணிகள் ஓடுவதைவிட வீசுவதையே நம்புவதால், மூன்று லைன்பேக்கர் நின்ற இடத்தில் இப்போது பெரும்பாலும் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். மூன்றாமவரின் இடத்தை, பின்னால் ஓடித் தடுக்கும் கார்னர்பேக் ஒருவர் எடுத்துக்கொண்டார். கல்லூரி ஆட்டத்தைப் பார்த்து லைன்பேக்கரைக் கணிப்பதும் சூதாட்டம். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2019 டிராஃப்டில் டெவின் வைட் 5-ஆவது, டெவின் புஷ் 10-ஆவது. இருவருமே தங்களை எடுத்த அணியில் இரண்டாவது ஒப்பந்தம் பெறவில்லை. இத்தனைக்கும் வைட் தம்பா பே அணிக்காக, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றவர்.

நட்சத்திரம் கிடைத்தாலும் உடம்பு தாங்க வேண்டுமே. இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஷகீல் லெனர்ட் 2021-இல் தன் இடத்துக்கே உச்சமான ஒப்பந்தம் பெற்றார். முதுகில் அறுவை சிகிச்சைகள். 2023 நவம்பரில் அணி அவரை விடுவித்துவிட்டது. அடுத்த மாதம் அவரை எடுத்தது யார் தெரியுமா? எங்கள் ஈகிள்ஸ்தான். ஏன் எடுத்தார்கள் என்பதில்தான் என் கதை தொடங்குகிறது.

ஈகிள்ஸ் அணியின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் லைன்பேக்கர் விஷயத்தில் கைமுட்டியை இறுக்கி மூடி வைத்திருந்தவர். அவரைச் சொல்லிப் பயனில்லை. 1979-இல் ஜெர்ரி ராபின்சனை எடுத்ததற்குப் பிறகு, நடுவில் நிற்கும் லைன்பேக்கர் ஒருவரை முதல் சுற்றில் எடுக்காமலேயே 45 ஆண்டு ஓட்டிய அணி இது. 2022-இல் சூப்பர் பவுல் வரை போன அணியின் நடுவில் நின்றவர் டி.ஜே. எட்வர்ட்ஸ். டிராஃப்டில் யாருமே எடுக்காமல் விட்ட ஆள். அந்த ஆண்டு 159 டேக்கிள், அதாவது பந்தோடு வருகிறவரை விழுத்துவது. பக்கத்தில் நின்றவர் கைசர் வைட். 2023 வசந்தத்தில் இருவரையும் போகவிட்டார்கள். எட்வர்ட்ஸை சிகாகோ பேர்ஸ் மூன்று ஆண்டுக்கு 1.95 கோடிக்கு வாங்கியது. அதே சிகாகோ அதே வாரத்தில் ட்ரெமெய்ன் எட்மண்ட்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி கொடுத்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியதைப் பார்த்தபோது, மலிவாக வந்தவர் ஒரு படிகூடக் குறைந்தவராக என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே என்ன ஆயிற்று? 2023-இல் ஈகிள்ஸ் 10 வெற்றி, 1 தோல்வி என்று தொடங்கியது. நடுவில் ஓட்டை இருப்பது அப்போதே தெரிந்தது. பொறுப்பு கொடுக்கப்பட்ட நகோபி டீன் முதல் ஆட்டத்திலேயே காலில் அடிபட்டார், திரும்பி வந்து நவம்பரில் மறுபடி விழுந்தார். சந்தையில் மிச்சம் மீதி இருந்தவர்களை வைத்து ஒட்டுப்போட்டார்கள். டிசம்பரில் லெனர்டைக் கொண்டுவந்ததும் அந்த ஒட்டுதான். எதிரணிகள் நடுவில் குட்டையான பந்துகளை வீசின. பிடித்தவரை விழுத்த ஆள் இல்லை. 49ers வந்து 42-19 என்று அடித்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. பிளே ஆஃபில் தம்பா பேயிடம் 32-9. எல்லாப் பழியும் லைன்பேக்கர் மேல் இல்லை. நடுப் பருவத்தில் தடுப்புப் பயிற்சியாளரையே மாற்றிய குழப்பமும் இருந்தது. ஆனால் அங்கே மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

அப்படியானால் ஒரு வார்னரை வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன்.

2024 பிப்ரவரி, லாஸ் வேகஸ், சூப்பர் பவுல். 49ers அணியும் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியும். வார்னர் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ட்ரே கிரீன்லா, 2019-இல் ஐந்தாவது சுற்றில் எடுத்த ஆள், புயல் மாதிரி ஓடுவார். இரண்டாவது கால் பகுதி. தடுக்கும் அணி களத்துக்குள் இறங்க வேண்டிய நேரம். ஓரத்தில் துள்ளிக்கொண்டிருந்த கிரீன்லா உள்ளே ஓடக் காலெடுத்து வைத்தார், அப்படியே விழுந்தார். யாரும் மோதவில்லை. குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. முதல் பாதியில் சீஃப்ஸின் டைட் எண்ட், அதாவது நடுவில் ஓடிப் பந்து பிடிக்கிறவர், டிராவிஸ் கெல்சி பிடித்தது ஒரே பந்து, ஒரே ஒரு கஜம். ஆட்டம் முடியும்போது அவர் கணக்கு 9 பந்து, 93 கஜம். சீஃப்ஸ் கூடுதல் நேரத்தில் 25-22 என்று வென்றது. வார்னர் கடைசிவரை களத்தில்தான் இருந்தார். எதிரணிக்கு வார்னரோடு மோத வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் இருப்பவரைத் தேடிப் போனால் போதும். இரண்டு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலுக்கு மட்டும் விலை உயர்ந்த பூட்டு வாங்கிப் போட்ட கதை.

பால்டிமோர் ரேவன்ஸ் இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. ரோக்வான் ஸ்மித்தை 2022 அக்டோபரில் சிகாகோவிடமிருந்து வாங்கி, 2023 ஜனவரியில் ஐந்து ஆண்டுக்கு 10 கோடி டாலர் கொடுத்தார்கள். பக்கத்தில் பேட்ரிக் குவீன். 2023-இல் அந்த அணி குறைந்த புள்ளி கொடுத்ததிலும், குவார்ட்டர்பேக்கை அதிகம் விழுத்தியதிலும், பந்தை அதிகம் பறித்ததிலும் முதலிடம். மூன்றிலும் ஒரே ஆண்டில் முதலிடம் பிடித்த அணி அதற்கு முன் இல்லை. குவீனை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்று ஆண்டுக்கு 4.1 கோடிக்குக் கொத்திக்கொண்டு போனது. 2024-இல் 10 கோடி ஸ்மித் அங்கேயேதான் இருந்தார். ஆனால் பருவத்தின் முதல் பாதி முழுக்க, பந்து வீச்சைத் தடுப்பதில் ரேவன்ஸ் லீகின் கடைசி வரிசையில் கிடந்தது. குவீனின் இடத்துக்கு வந்த இளைஞர் டிரென்டன் சிம்ப்சனைப் பருவம் முடிவதற்குள் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. தடுப்புப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்டும் அந்த இடைவெளியில் சியாட்டிலுக்குப் போய்விட்டார் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டாமவர் போனதும் முதலாமவருடைய மதிப்பே இறங்கியதைக் கண்ணால் பார்த்தோம்.

இப்போது எங்கள் ஊர் 2024. ரோஸ்மன் அந்த வசந்தத்தில் இரண்டு லைன்பேக்கர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார். ஒருவர் நாம் முன்பே பார்த்த டெவின் வைட், பெயர் பெற்றவர். அவர் ஈகிள்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். இன்னொருவர் ஜாக் பான். 35 லட்சம் டாலர். நியூ ஆர்லியன்ஸில் நான்கு ஆண்டு, பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸ் ஆள், அதாவது பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்குகிறவர். கல்லூரியில் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டியவர். பார்சன்ஸை முன்னே நகர்த்தினார்கள் என்றேனே, இவரைப் பின்னே நகர்த்தினார்கள். 151 டேக்கிள், ஆண்டின் தலைசிறந்தவர்களைக் கொண்ட ஆல் ப்ரோ முதல் அணியில் இடம், 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்தைத் தரையோடு பாய்ந்து பிடித்தார்.

நகர்த்தியவர் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ. இந்தப் பெயரைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன். 1986 முதல் நியூ ஆர்லியன்ஸில் லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்தவர். ரிக்கி ஜாக்சன், சாம் மில்ஸ், வான் ஜான்சன், பேட் ஸ்விலிங் என்ற நால்வர் கூட்டணி அவர் கையில் ஆடியது. பிறகு 49ers அணியில் பேட்ரிக் வில்லிஸ், நவாரோ போமன் என்ற இரட்டையர். வாழ்க்கை முழுக்க லைன்பேக்கர்களோடு கழித்த மனிதர். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் உச்சவரம்புக்குள் வராது. பயிற்சியாளர் காசுக்கு லீக் வரம்பே வைக்கவில்லை. லைன்பேக்கரில் முதலீடு என்றால் முதலில் அங்கே போட வேண்டும் என்பேன்.

அந்த ஆண்டும் விபத்து வந்தது. பிளே ஆஃபின் முதல் ஆட்டத்தில் நகோபி டீனின் முழங்கால் போயிற்று. உள்ளே வந்தவர் ஓரன் பர்க்ஸ். எங்கேயோ கேட்ட பெயர் என்று இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் நினைப்பீர்கள். லாஸ் வேகஸில் கிரீன்லா விழுந்தபோது உள்ளே வந்த அதே பர்க்ஸ்தான். வார்னரும் அவரும் 2018 டிராஃப்டில் ஒரே மூன்றாவது சுற்று. ஒருவர் 70, மற்றவர் 88. அடுத்தடுத்த இரண்டு ஆண்டும், அடிபட்டவருக்குப் பதிலாக, அதே சீஃப்ஸுக்கு எதிராகச் சூப்பர் பவுலில் நின்றார். இரண்டாவது முறை கெல்சிக்கு மொத்தமே 4 பந்து, 39 கஜம். ஈகிள்ஸ் 40-22. பர்க்ஸ் ஓராண்டில் வேறு ஆளாகிவிடவில்லை. முன்னால் இருந்த நான்கு பேரே மஹோம்ஸை ஆறுமுறை சாய்த்ததால், கூடுதல் ஆளை அனுப்ப வேண்டிய தேவை ஃபாஞ்சியோவுக்கு வரவில்லை. லைன்பேக்கர் இருவரும் நிம்மதியாகப் பின்வாங்கி நடுவை அடைத்தார்கள். முன்வரிசைக்கே பணம் என்பவர்கள் இந்த ஆட்டத்தைக் காட்டித்தான் வாதாடுவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மூன்றாவது ஆளாகப் பர்க்ஸ் போன்ற பழகிய ஒருவர் பெஞ்சில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023-இல் அந்த இடம் காலி.

ஆக, அதிகப் பணம் போடலாமா என்றால் போடலாம். ஆனால் 2.1 கோடி கொடுத்து உச்சியில் ஓர் ஆள் வாங்குவதற்கு முன், இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் யார் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பணம் அங்கே குறைந்தால் மேலே இருப்பவரின் விலையில் பாதி வீண். டிராஃப்டில் இரண்டாம், மூன்றாம் சுற்றில் ஆண்டு தவறி ஆண்டாவது ஒருவரை எடுத்து, நல்ல ஆசிரியர் கையில் கொடுங்கள்.

ரோஸ்மனே கொஞ்சம் மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது. 2025 மார்ச்சில் பானுக்கு மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி கொடுத்தார். அடுத்த மாதம் முதல் சுற்றில், 31-ஆவது இடத்தில், அலபாமாவின் ஜிஹாட் கேம்ப்பெலை எடுத்தார். தோள் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் என்பதால்தான் அவ்வளவு தூரம் வழுக்கி வந்தார். பானின் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு முப்பது தாண்டியிருக்கும். கேம்ப்பெல் அப்போதும் தன் முதல் ஒப்பந்தத்தில், மலிவான சம்பளத்தில் இருப்பார். அந்த இடைவெளியில் பச்சைப் பொட்டு யார் ஹெல்மெட்டில் ஒட்டப்படுகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வணக்கம்.