இளநீர் கணக்கில் வராதா?

வணக்கம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. "எந்தப் பழம் சாப்பிடலாம்?" என்று யாராவது கேட்காத நாளே கிடையாது.

பழத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற தாது உப்பைச் சிறுநீரில் வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது ஓய்ந்துபோனால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அதுவரை ஒரு தொந்தரவும் தெரியாமல்கூட இருக்கும், அதுதான் வம்பு.

ஒரு சித்திரை மாதம், பெரியவர் ஒருவர் வந்தார். பொட்டாசியம் 6.8, இசிஜியிலும் மாற்றம். "ஐயா, வாழைப்பழம் சாப்பிட்டீர்களா?" "இல்லம்மா, பழத்தையே தொடவில்லை." மாம்பழம்? அதுவும் இல்லை. சத்தியமே செய்தார். கூட வந்த மருமகன் மெதுவாக, "வெயிலுக்குத் தினமும் ரெண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தேன், அது தண்ணீர்தானே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனாலே இளநீரோடுதானே போகிறோம்! ஆனால் ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம், ஒரு வாழைப்பழத்தைவிட அதிகம். இளநீர் தண்ணீர் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இவர்களுக்கு இளநீர் தண்ணீர் இல்லை.

சரி, பழத்துக்கு வருவோம். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, இவற்றில் ஒரு சின்னக் கிண்ணம் பெரும்பாலும் பரவாயில்லை. கொய்யாவில் அதே எடை ஆப்பிளைப் போல நான்கு மடங்கு பொட்டாசியம். சர்க்கரைக்கு நல்லது என்று காலங்காலமாகக் கொய்யா சாப்பிட்டுப் பழகியவரிடம் இனிமேல் வேண்டாம் என்று சொல்லும்போது, எனக்கே சங்கடமாக இருக்கும். உலர் திராட்சை, பேரீச்சை எல்லாம் தண்ணீர் வற்றிச் சத்து செறிந்தவை, கொஞ்சமாகத் தின்றாலும் அதிகம்தான். சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆரஞ்சு ஜூஸைத் தேடாதீர்கள், குளுக்கோஸ் போதும்.

நேரம் ஆகிவிட்டதாம், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நட்சத்திரப் பழம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஐந்து விளிம்போடு மஞ்சளாக இருக்குமே, அதில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூளையைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது, ஒரு பழம்கூட ஆபத்து. சாப்பிட்டபின் விக்கல் நிற்காவிட்டால், பேச்சு குழறினால், உடனே ஆஸ்பத்திரி. அப்புறம் இன்னொன்று, சிறுநீரகக் கோளாறு என்றதுமே எல்லோரும் பழத்தை நிறுத்திவிடாதீர்கள், உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். வணக்கம்.