ஒரு கல்லில் நான்கு எழுத்துகள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியின் சிசிலித் தீவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எட்னா எரிமலையில் தொடங்கலாம், கிரேக்கக் கோயில்களில் தொடங்கலாம். நான் ஒரு கல்லில் தொடங்குகிறேன்.

பலெர்மோ நகரில் ஸீசா என்றொரு பழைய அரண்மனை இருக்கிறது. அங்கே ஒரு சலவைக்கல் பலகை. கிரிசாந்து என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவின் நினைவாக 1149-இல் வைத்தது. நடுவே சிலுவை. அதைச் சுற்றி எபிரேயம், லத்தீன், கிரேக்கம், அரபு என நான்கு எழுத்துகள். ஆண்டுக் கணக்குகூட அந்தந்தச் சமூகத்தாரின் முறைப்படிதான். ஊரில் யார் வந்து படித்தாலும் என் அம்மா போய்விட்டாள் என்பது தெரியட்டும் என்று அந்த மகன் நினைத்திருப்பார் போலும்.

இத்தனை மொழிகள் எப்படி ஒன்று சேர்ந்தன? கிரேக்கர்கள் மிக முன்பே வந்து குடியேறியவர்கள். 827-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படை வந்து இறங்கியது. நான்கே ஆண்டுகளில் பலெர்மோ அவர்கள் வசமானது. 1072-இல் அதே நகரை, வட பிரான்சிலிருந்து வந்த கிறிஸ்தவர்களான நார்மானியர் பிடித்தார்கள். ஆனால் அரபு மொழியை ஒழிக்கவில்லை. கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீசி தம் பெரிய புவியியல் நூலை 1154-இல் அரபியில்தான் எழுதி முடித்தார்.

அது நீடிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், சிசிலி முஸ்லிம்களைப் பெயர்த்தெடுத்து இத்தாலிய நிலப்பகுதியில் உள்ள லூச்சேராவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கல்லை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனசு கனக்கிறது.

ஆட்கள் போனார்கள், சொற்கள் தங்கிவிட்டன. எலுமிச்சைத் தோப்புக்கு நீர் தேக்கும் தொட்டியை சிசிலிக்காரர்கள் இன்றும் ‘ஜெப்பியா’ என்கிறார்கள். ஆரஞ்சுப் பூ ‘ஸாகரா’. இரண்டும் அரபு வேர்கள்.

அப்புறம் சாப்பாடு. மேற்குக் கரையில் உள்ள திராப்பனியிலிருந்து துனிசியா அதிகத் தூரமில்லை. அங்கே வீட்டுச் சமையலில் வட ஆப்பிரிக்க ரவை உணவான கூஸ்கூஸ் உண்டு, ஆனால் மீனோடு. அகலமான மண் சட்டியில் ரவையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, விரல் நுனியால் வட்டமாக அளைந்துகொண்டே இருப்பார்கள், சின்னச் சின்ன மணிகளாகத் திரளும்வரை. பிறகு நீர் கொதிக்கும் பானையின் மேல் துளையுள்ள பாத்திரத்தில் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். இரண்டு பாத்திரமும் சேரும் விளிம்பில் ஆவி கசியாமல் மாவை அப்பி அடைப்பார்கள். வெந்ததும் மீன் சாறு ஊற்றி, மூடி, கம்பளியால் போர்த்தி வைத்துவிடுவார்கள். சாறு உள்ளே இறங்கட்டும் என்று வீடே காத்திருக்கும்.