டெலிபோர்ட்டை விடுங்க, ரயில் ஏறுங்க: செகண்ட் லைஃப் ஹெடரோசெரா ட்ரிப்

மக்களே வணக்கம், வாங்க வாங்க. செகண்ட் லைஃப்னா நாம ஒரு உருவமா உள்ள போய் சுத்தற ஆன்லைன் உலகம், புதுசா பாக்கறவங்களுக்காக சொல்றேன். இன்னிக்கு நேரா விஷயத்துக்கே வந்துடறேன், ஏன்னா போன வீடியோவுக்கு கீழ ஒரே மாதிரி கமெண்ட்டா வந்து குவியுது. "அழகான தீவு லிங்க் நாலு குடுங்க, டெலிபோர்ட் பண்ணி போட்டோ எடுத்துட்டு வந்துடறோம், அந்த பழைய மெயின்லேண்ட்ல என்ன இருக்கு"ன்னு. டெலிபோர்ட்னா கிளிக் பண்ணின உடனே வேற இடத்துக்குத் தாவிடறது, எனக்கு அதுன்னாலே ஆகாதுன்னு ரெகுலரா பாக்கறவங்களுக்கு தெரியும். மெயின்லேண்ட்ல, அதான் செகண்ட் லைஃப் நடத்தற லிண்டன் லேப் கம்பெனியே போட்ட பெரிய கண்டங்கள்ல, என்ன இருக்குன்னா கேக்கறீங்க? நேத்து ராத்திரி அதுல ஒரு கண்டமான ஹெடரோசெராவுல ரயில்ல போயிட்டு வந்தேன், இன்னும் அந்த சந்தோஷம் அடங்கல, அதான் இந்த வீடியோ.

தனியார் தீவு அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு முழு ரீஜன், அதாவது ஒரு சதுர நிலத்துண்டு, வெச்சிருக்கறவங்க மாசாமாசம் 200 டாலருக்கு மேல கட்டணும், அவங்களால முடியாமப் போச்சுன்னா தீவே காணாமப் போயிடும். பைன் மரக் காடும் பனிமூட்டமுமா ஒரு தீவு காமிச்சேனே, ஞாபகம் இருக்கா? அந்த லிங்க் இப்ப வேலை செய்யல. எனக்கு அது ரொம்ப வருத்தம். ரயில் பாதை அப்படி இல்ல. தண்டவாளம் போற நிலம் லிண்டன் லேப் கிட்டயே இருக்கு, அவங்க பப்ளிக் ஒர்க்ஸ் டிபார்ட்மெண்ட் பாத்துக்கற பாதை, யார் வேணா எப்ப வேணா போகலாம், ஃப்ரீ அக்கவுண்ட்டே போதும்.

ஹெடரோசெரா ஒரு வளையம் மாதிரி கண்டம், நடுவுல கடல். ரீஜனுக்கெல்லாம் அந்துப்பூச்சி பேரு வெச்சிருக்காங்க. நான் எப்பவும் கலேட்டாவுல ஆரம்பிப்பேன், சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டு ஊர் ஊரா திரிவாங்கல்ல அமெரிக்க நாடோடிங்க, ஹோபோன்னு சொல்வாங்க, அவங்க முகாம் மாதிரி செட் பண்ணின இடம், புதுசா வர்றவங்களுக்கு அங்கயே இன்ஃபோஹப்னு ஒரு தகவல் மையமும் இருக்கு. அங்க கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு அப்புறம்தான் வண்டி ஏறணும், அவசரப்படாதீங்க.

இந்தப் பாதையில எனக்குப் பிடிச்சதே என்னன்னா, யாரும் கூடிப் பேசி டிசைன் பண்ணின காட்சி இல்ல இது. ரீஜன் ஒவ்வொண்ணும் 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதுக்குள்ளயே பத்து பேரோட நிலம் இருக்கும், ஒருத்தர் பண்ணை வீடு போட்டிருப்பாரு, பக்கத்துல கோட்டை, அதுக்குப் பக்கத்துல வெறும் பொட்டல், திடீர்னு யாரோ தன் நிலத்தோட ஓரத்துல ரயிலுக்காகவே ஒரு குட்டி ஸ்டேஷன் கட்டி பெஞ்சு போட்டு விளக்கு மாட்டி வெச்சிருப்பாங்க. காசு வாங்காம, போற வர்றவங்க பாக்கட்டும்னு. அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். செகண்ட் லைஃப் ஆரம்பிச்சது 2003, வெளிய செஞ்ச 3D மாடலை உள்ள கொண்டுவர்ற மெஷ் வந்தது 2011, அதனால இப்ப வெச்ச மெஷ் வீட்டுக்குப் பக்கத்துலயே அந்தக் காலத்து பிரிம்ல, அதாவது உள்ளயே கிடைக்கற கட்டை மாதிரி எளிய வடிவத்துல, கட்டின வீடும் நிக்கும். நேத்து ஒரு மர வீட்டை ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் பாத்தேன், 2005ன்னு தேதி. படிக்கட்டுல ஒரு பலகைக்கு மட்டும் இன்னும் அந்த பிளைவுட் டெக்ஸ்சரே இருக்கு, புதுசா பிரிம் போட்டா தானா வருமே, அதே. இருவது வருஷமா அப்படியே நிக்குது மக்களே! பெலிசேரியாவுல இதெல்லாம் கிடைக்காது. அது லிண்டன் லேப்பே வீடு கட்டிக் குடுக்கற கண்டம், 2019ல வந்தது, எல்லா வீடும் அளவெடுத்த மாதிரி நீட்டா இருக்கும், எனக்கு அரை மணி நேரத்துல அலுத்துடும்.

சரி, இப்ப முக்கியமான விஷயம், ரீஜன் கிராசிங். ரயில் ஒரு ரீஜன்லேருந்து அடுத்ததுக்குப் போறப்ப ஜெர்க் ஆகுது, சில நேரம் வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு தூக்கிப் போடுதுன்னு எல்லாரும் கேட்டிருந்தீங்க. ஒவ்வொரு ரீஜனும் தனித்தனி சிமுலேட்டர்ல, அதாவது தனி சர்வர் புரோகிராம்ல, ஓடுது, எல்லை தாண்டறப்ப வண்டி, நீங்க, நீங்க போட்டிருக்கற அத்தனை பொருளும், அதுல ஓடற ஸ்கிரிப்ட்டும் (பொருளை இயக்கற குட்டி புரோகிராம்) சேர்த்து அடுத்த சிமுலேட்டருக்கு கைமாறணும், சுமை எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு லேட். எந்தப் பொருள் எவ்வளவு ஸ்கிரிப்ட் மெமரி திங்குதுன்னு பாக்கறதுக்கு வியூவர்லயே, நாம உள்ள போற அந்த ஆப்லயே, விண்டோ இருக்கு, திறந்து பாத்தா என்னோட முடிதான் முதல் இடத்துல நிக்குது! முடிதாங்க! பழைய முடியில சைஸ் மாத்தறதுக்குன்னு துண்டு துண்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருப்பாங்க, நாம ஒரு தடவை சைஸ் செட் பண்ணிட்டு மறந்துடுவோம், அது பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்கும். பல முடியில மெனுவுலயே ஸ்கிரிப்ட் டெலீட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், காப்பி பண்ண முடியற முடின்னா முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு அதை அழுத்துங்க. நான் அழுத்திட்டுப் போனேன், நேத்து ஒரு எல்லையில கூட கீழ விழல, ஒரு நொடி தயங்கும், அப்புறம் வழுக்கிக்கிட்டு போகும். அந்த முதல் எல்லையைத் தாண்டினப்ப நான் கைதட்டினது பின்னாடி ஆடியோவுலயே கேக்கும், கட் பண்ணல.

ஆங், வண்டியைப் பத்தி சொல்லவே இல்லல்ல. ரயில் வாங்கணுமான்னா, வேண்டாம். சில ஸ்டேஷன்ல ரெஸ்ஸர் வெச்சிருக்காங்க, தொட்டா வண்டி வரும், ஏறி உக்கார வேண்டியதுதான். கடையில ஒரு இன்ஜினுக்கு ஆயிரத்துக்கு மேல லிண்டன் டாலர் கேக்கறாங்க, ஒரு நிஜ டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன்னு கணக்கு போட்டுப் பாருங்க, முதல் ட்ரிப்புக்கு அது தேவையே இல்ல. வண்டி எப்படி வளைவுல தானா திரும்புதுன்னு கேட்டீங்கன்னா கண்ட்ரோல் ஆல்ட் T அழுத்துங்க, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சிவப்பா தெரியும், தண்டவாளத்தை ஒட்டியே நீளமா ஒண்ணு ஓடும், அதுக்குப் பேரு கைடு, ரயில் ஸ்கிரிப்ட் அதைத் தேடிப் பிடிச்சுதான் போகுது. எனக்கு இதைப் பாக்கறதே ஒரு தனி சுகம்.

இன்னொண்ணு, நடந்தோ பறந்தோ சுத்தினா பேன் லைன், அதான் நிலத்துக்காரங்க போட்ட தடை வேலி, வந்து முட்டும், இல்லன்னா செக்யூரிட்டி ஆர்ப்னு அவங்க வெச்ச காவல் கருவி பத்து செகண்டுல வெளிய போன்னு விரட்டும். எனக்கு அதைவிட வெறுப்பான விஷயம் இந்த உலகத்துல கிடையாது. ரயில்ல போனா பொது நிலத்துலயே போறோம், அந்தத் தொல்லை இல்லாம அவங்க வீட்டு அழகை ஜன்னல் வழியா பாத்துட்டே போகலாம்.

போறப்ப டிரா டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியணும்ங்கறது, 128 மீட்டர்லேயே விடாதீங்க, லேப்டாப் தாங்கினா 256 வைங்க, அப்பதான் உள்கடல் இன்னும் நல்லா விரியும். என்விரான்மெண்ட்ல எப்பவும் மிட்டே (நடுப்பகல்) போடறவங்க இந்த ஒரு தடவை ஷேர்டுக்கு, அதாவது அந்த இடத்தோட நேரத்துக்கு, மாத்துங்க. அங்க சாதாரணமா ஒரு நாள்னா நாலே மணி நேரம், மூணு மணி பகல், ஒரு மணி ராத்திரி, அதனால கொஞ்சம் காத்திருந்தா அந்தி வந்துடும், கடல் பக்கம் பாதை வளையறப்ப அந்த வெளிச்சம் கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

கலேட்டா லேண்ட்மார்க் டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். அடுத்த வீடியோவுல அதே உள்கடலை படகுல சுத்தப் போறேன், எந்தப் படகு எடுக்கலாம்னு கமெண்ட்ல சொல்லுங்க, பாய்மரம்தான் என் ஆசை.