தீர்மான நோட்டில் ஒரு பெயரும் ஒரு தேதியும்

[காட்சி: அபார்ட்மென்ட் மொட்டைமாடி. வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரும்பாலும் காலி.]

வணக்கம். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு நடக்கிறது. நாற்பது நாற்காலி போட்டிருக்கிறார்கள். வந்திருப்பது ஒன்பது பேர், அதிலும் ஏழு பேர் செயற்குழு உறுப்பினர்கள். "யாருக்கும் அக்கறையே இல்லை சார்" என்கிறார் செயலாளர். அவர் வருத்தம் நியாயமானது. லிஃப்ட் நின்றால் அவருக்குத்தான் போன், தண்ணீர் லாரி வராவிட்டாலும் அவருக்குத்தான். ஆனால் மொட்டைமாடி காலியாக இருப்பதற்கான காரணம், பெரும்பாலும் செயற்குழு கூடும் அறையில்தான் இருக்கிறது.

[நெருக்கக் காட்சி: காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு.]

இது தீர்மான நோட்டு. ஒரு பக்கத்தை வாசிப்போம். "மேல்நிலைத் தொட்டிக் கசிவைச் சரிசெய்ய நடவடிக்கை எடுப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அடுத்த மாதப் பக்கத்தைப் புரட்டுங்கள், அதே வரி. அதற்கு அடுத்த மாதமும் அதே வரி. யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு வரை? மூன்றுமே இல்லை. ஏழு பேர் கையெழுத்துப் போட்ட பொறுப்பு, கடைசியில் ஒருவரிடமும் இல்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள். "மூன்று கொட்டேஷன் வாங்குபவர் துணைச் செயலாளர். 15-ஆம் தேதிக்குள். 40,000 ரூபாய் வரை என்றால் அவரும் பொருளாளரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்." அடுத்த கூட்டம் இந்த வரியிலிருந்தே தொடங்கட்டும். முடிந்ததா, இல்லையென்றால் எங்கே நிற்கிறது? நான் இருந்த ஒரு சங்கத்தில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, இரண்டரை மணி நேரக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிய ஆரம்பித்தது. அறிக்கைகளை மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கூட்டத்தில் வாசிக்கவும் வேண்டாம். சந்தேகம் கேட்டால் போதும்.

பெயிண்டிங் வேலை செயற்குழுவில் உள்ள ஒருவரின் மைத்துனருக்குப் போகிறதா? கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த உறுப்பினர் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே உட்கார வேண்டும். அதையும் நோட்டில் எழுத வேண்டும். இதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் சங்கமே உடையும்.

[காட்சி: லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகை.]

சரி, உறுப்பினர்களிடம் வருவோம். மாதா மாதம் 5-ஆம் தேதி இங்கே ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள். வங்கி இருப்பு, வரவு, செலவு, சந்தா பாக்கி மொத்தம். பாக்கி வைத்தவர்களின் பெயர் வேண்டாம், அது பகையை வளர்க்கும். தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தவர்தான் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பார். கேள்வி வருவது நல்லது.

அப்புறம், "தொண்டு செய்ய விரும்புவோர் முன்வரலாம்" என்ற அறிவிப்பை நம்பாதீர்கள். யாரும் வரமாட்டார்கள். நேரில் போய், சின்னதாக, முடிவு தெரிந்த ஒரு வேலையைக் கேளுங்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவரிடம், "ஜெனரேட்டர் டீசல் கணக்கை மாதம் ஒரு தடவை பார்த்துத் தர முடியுமாண்ணா? ஆறு மாதத்துக்குத்தான்" என்று கேட்டால் மறுப்பது அபூர்வம். டீசல் கணக்கைப் பார்த்தவர் பொதுக்குழுவுக்கு வராமல் இருக்கமாட்டார்.

[காட்சி: ஒரு தடித்த ஃபைல்.]

1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்கள் மறுபடி தேர்வாகத் தடையில்லை. அதனால்தான் ஒருவரே ஓய்ந்துபோகும்வரை செயலாளராக இருக்கிறார், அவர் விலகும் நாளில் சங்கம் தடுமாறுகிறது. பதவிக்காலத்தின் கடைசி ஆண்டிலேயே அடுத்து வரக்கூடியவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும், செயற்குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐத் தாக்கல் செய்ய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும் அவரையும் அழைத்துப் போங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், உறுப்பினர் பதிவேடு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மின் இணைப்பு எண்கள், மோட்டார் அறைச் சாவி யாரிடம் என்ற குறிப்பு, எல்லாம் இந்த ஒரே ஃபைலில். தீர்மான நோட்டும் இதன் மேலேயே இருக்கட்டும்.