கொசுவுக்கு வலை, சந்தேகத்துக்கு?

எல்லோருக்கும் வணக்கம். எச்.ஐ.வி. பற்றி எங்கே பேசப் போனாலும், கேள்வி நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்திருப்பார். “நோய் உள்ளவரைக் கடித்த கொசு என்னைக் கடித்தால்?” என்பார். நியாயமான சந்தேகம்தான். மலேரியா அப்படித்தானே பரவுகிறது? அதனால் இன்று கொசுவிடமிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

கொசு குத்துவது ஒற்றை ஊசி என்று நினைக்கிறோம். அதற்குள் தனித்தனியாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் தன் எச்சிலை நம் தோலுக்குள் இறக்கும். மற்றதில் ரத்தத்தை உறிஞ்சும். ஒருவரிடம் குடித்த ரத்தத்தை அடுத்தவருக்கு ஏற்றுவதில்லை. மலேரியாக் கிருமி கெட்டிக்காரக் கிருமி. கொசுவின் வயிற்றில் வளர்ந்து, எச்சில் சுரப்பிக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எச்.ஐ.வி.க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது பெருகுவதற்கு நம் உடம்பில் இருக்கும் சிடி4 அணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வேண்டும். கொசுவிடம் அவை இல்லாததால், குடித்த ரத்தத்தோடு அதுவும் செரித்துப்போகும். அப்புறம், கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. கொசுவால் பரவுமென்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும் அதே அளவில் வந்திருக்க வேண்டுமே! வரவில்லை.

தட்டு, தம்ளர், கழிப்பறை, இருமல், கட்டிப்பிடித்தல் எதிலும் பரவாது. 1987இல் இளவரசி டயானா லண்டன் மருத்துவமனை ஒன்றில் எய்ட்ஸ் நோயாளியின் கையை உறை போடாமல் பிடித்துக் குலுக்கினார். அது உலகச் செய்தி ஆனது. கை குலுக்குவதே செய்தியாகிற அளவுக்கு அன்றைக்குப் பயம். பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் என்று இந்த வைரஸுக்கு வழிகள் கொஞ்சம்தான்.

கொசுவுக்கு வலை கட்டுகிற அதே ஆள், “ஆளைப் பார்த்தாலே தெரியாதா?” என்று கேட்பார். தெரியாது. வருடக்கணக்கில் ஓர் அறிகுறியும் இல்லாமல் இருக்கும். எச்.ஐ.வி. என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது சிகிச்சை இல்லாமல் விட்டால் எதிர்ப்புச் சக்தி குலைந்து வருகிற கடைசிக் கட்டம். பெரும்பாலும் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கும்போதுதான் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். வைரஸ் உள்ள எல்லோரும் அங்கே போய்ச் சேருவதில்லை. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தபிறகு கதையே மாறிவிட்டது.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் பிறருக்குப் பரவாது. ஒருவருக்கு மட்டும் வைரஸ் இருந்த, ஆணுறை பயன்படுத்தாத ஏறத்தாழ 800 ஆண் ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் மருந்தால் வெகுவாகக் குறையும். சிகிச்சை இல்லையென்றால் 15 முதல் 45 சதவீதம், சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே.

இன்னொரு தவறு, அவசரம். “போன வாரம் ஒரு சந்தேகம், இன்று சோதித்தேன், ஒன்றுமில்லை” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் எந்தச் சோதனையும் உறுதி சொல்லாது. வைரஸை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரணச் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். உண்மையில் அவசரப்பட வேண்டியது வேறு இடத்தில். சந்தேகத்துக்குக் காரணமான சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 28 நாள் தருவார்கள். நான்காம் நாள் போனால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

சரி, இனி உங்கள் கேள்விகள். கொசு மட்டும் வேண்டாம்.