ஜேசிபி வருவதற்கு முன்னால்

(எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது, பிறகு எழுத்தாக்கியது)

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து ஜமுக்காளத்தில் உட்காருங்கள், நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

போன மாதம் நம் நகரில் ஒரு வீட்டு வாசல்படியில் பாம்பு வந்தது, அடித்துக் கொன்றார்கள். மறுநாளே ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற காலி மனைகளை எல்லாம் ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம்கூடப் பேசியாகிவிட்டது. அதை முடிவு செய்யத்தான் இன்றைக்கு இந்த மொட்டை மாடியில் கூடியிருக்கிறோம். கை தூக்குவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல விடுங்கள் என்று கேட்டேன், சரி என்றீர்கள், நன்றி.

இங்கிருந்தே பாருங்கள். கடைசித் தெருவிளக்கு முடிகிற இடத்தில் இருட்டு எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறதே, அதுதான். மனைக்கல் நட்டு விற்று, வாங்கியவர்கள் எங்கெங்கோ போய், கல்லெல்லாம் புதருக்குள் போய்விட்டது. நடுவில் கூரை போடாமல் விட்ட ஒரு வீடு, தூணிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் கோவைக்கொடி ஏறி மூடிவிட்டது, ஜன்னலுக்கு விட்ட ஓட்டை மட்டும் கறுப்பாகத் தெரியும். சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தப் பக்கம் நடந்தால் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நம் பெண்கள் சொல்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த ஐம்பதடியை ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள். இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. குடிவந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் நடந்தேன்.

எனக்கு அந்தப் பயம் குறைந்த விதத்தைச் சொல்கிறேன். அந்த இருட்டுக்குள்ளிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் யார் சொந்தக்காரர் என்று தேட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

முதலில் அந்த அலறல். நடு ராத்திரியில் பாட்டி ஒருத்தி மூச்சை இழுத்துக் கிரீச்சிடுகிற மாதிரி கேட்கும், பக்கத்து வீட்டு அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டுப் படுப்பார்கள். அது கூகை. வெள்ளை முகம், சிறகடிக்கும் சத்தமே வராது, கூரையில்லாத அந்த வீட்டில்தான் கூடு. சாக்குருவி கத்தினால் வீட்டில் ஒரு சாவு விழும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். இது இன்று நேற்று வந்த பயமும் இல்லை, புறநானூற்றில் சுடுகாட்டைப் பாடுகிற ஒரு பாட்டிலேயே கள்ளி மண்டிய நிலமும் பகலில்கூடக் கூவுகிற கூகையும் பேய்மகளிரும் ஒன்றாகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்தக் கூகை ராத்திரி முழுக்கச் செய்கிற வேலை என்ன? எலி பிடிக்கிறது. நம் குப்பையைத் தின்று பெருக்கிற எலியை.

அப்புறம் ஓட்டுக்கு மேலே, பால்ஸ் சீலிங்குக்கு மேலே தடதடவென்று ஓடுகிற சத்தம். பேய் என்று ஒரு வீட்டில் மந்திரித்த கயிறு வரைக்கும் போனார்கள். அது மரநாய். பெயரில்தான் நாய், பார்க்க நீண்ட வாலுள்ள கறுப்புப் பூனை மாதிரி இருக்கும், பழம் தின்னும், எலியும் தின்னும். ராத்திரியில் திடீரென்று எங்கிருந்தோ பாசுமதி சோறு வடிக்கிற வாசனை வந்தால் திகைக்காதீர்கள், அது மரநாய் கடந்துபோன வாசனையாக இருக்கலாம்.

வெட்டவெளிக்கு மேலே இருட்டில் பறந்துகொண்டே ‘யார் நீ, யார் நீ’ என்று கேட்கிற மாதிரி கத்துவது ஆள்காட்டி. அது தரையிலேயே ஜல்லிக்கு நடுவில் முட்டையிடும், முட்டையும் கல் மாதிரியே இருக்கும், நாம் கிட்டே போகிறோம் என்றுதான் அந்தக் கூச்சல். வண்டி வெளிச்சத்தில் ரோட்டில் செக்கச்செவேலென்று இரண்டு கண்கள் மின்னி, கிட்டே போனதும் காணாமல் போகிறதே, அது பக்கி என்கிற பறவை. பகல் பூராவும் காய்ந்த இலை நிறத்தில் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு, ராத்திரி பூச்சி பிடிக்க வருகிறது.

இவையெல்லாம் எங்கிருந்து நம் தெருவுக்குள் வந்தன என்று கேட்கிறோம். கேள்வியே திரும்பியிருக்கிறது. தென்சென்னையில் நாம் இருக்கிற இந்தப் பக்கம் முழுக்க, நாம் வருகிற வரைக்கும், பாறையும் முட்புதரும் ஏரியும் சதுப்புமாகக் கிடந்த நிலம். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போனால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம், சுமார் 320 ஹெக்டேர், உள்ளே பழைய கல்குவாரிகள், அந்தப் பாறை இடுக்கில் பெரிய கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன. கிண்டியில் 2.7 சதுர கிலோமீட்டரை 1978-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், ஊருக்கு நடுவில் அந்த வேலிக்குள் வெளிமானும் நரியும் பிழைத்திருக்கின்றன. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது, அந்த வளாகத்தில் இன்றும் புள்ளிமான் உண்டு. இப்படி அங்கங்கே கிழிந்த துணியின் துண்டுகள் மாதிரி மிஞ்சியிருக்கிறது, நம் ஏரிக்கரை மனைகளும் அப்படி ஒரு சின்னத் துண்டு.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவெளி என்று அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. அதன் ஒரு ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைக்கிடங்கு வந்தது, நடுவில் ரோடு போனது, சுற்றிலும் நம்மைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மனை வாங்கின. 2022-இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று. அந்தப் பட்டியலுக்குப் போனது சுமார் 1,250 ஹெக்டேர். நிலம் எப்படிக் கைவிட்டுப் போகிறது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு சொல்தான் நினைவுக்கு வருகிறது: தரிசு. உழவில்லை, வரி வரவில்லை என்றால் பதிவேட்டில் தரிசு என்று எழுதுவார்கள், எழுதிவிட்டால் அங்கே எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்று ஆகிவிடுகிறது. நாமும் அதைத்தான் செய்கிறோம். ‘அந்தச் சும்மா கிடக்கிற இடம்’ என்கிறோம். ஒரு ராத்திரி அங்கே நின்று கேட்டால் எதுவும் சும்மா கிடக்கவில்லை என்று தெரியும்.

சரி, பாம்புக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள்.

அன்றைக்கு அடித்துக் கொன்றது சாரை. நான் போய்ப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் இருந்தது, தலை நசுங்கிப் போயிருந்தது, எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. சாரைக்கு விஷம் கிடையாது. சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பிணையும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அது தவறு, இரண்டும் வேறு வேறு இனம். பின்னிப் பிணைந்து எழும்புகிறதே என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பெட்டைக்காகப் போடுகிற மல்யுத்தம். சாரை இந்தத் தெருவுக்கு வந்ததற்கு ஒரே காரணம் எலி, எலி வந்ததற்குக் காரணம் மனை ஓரத்தில் நாமே வீசுகிற சோற்று மூட்டை.

விஷப்பாம்பு இல்லையா என்றால் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நம் நாட்டில் மனிதர்கள் அதிகம் சாவது நான்கு பாம்புகளால்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது ராத்திரியில் நடமாடும், வீட்டுக்குள் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும், கடித்தது தெரியாமலே தூங்குவார்கள், வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் சொருகினால், இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு போட்டு இறுக்கக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம், ஏனென்றால் இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள். தரையில் படுப்பதானால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன வேலை ஜேசிபியைவிட அதிகமாக உயிர் காக்கும்.

அந்த மருந்தைப் பாம்பு விஷத்தை வைத்துத்தான் செய்கிறார்கள், அந்த விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இங்கிருந்து ஈசிஆர் ரோட்டில் போனால் வடநெம்மேலி, முதலைப்பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பு போன இருளர்கள், பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிற வேலையைக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவில் புளோரிடாவின் சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க இவர்களைத்தான் 2017-இல் அழைத்தார்கள். ஏட்டுப் படிப்பு இல்லாமலே, மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடிய மனிதர்கள் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள், நாம் கையில் கட்டையோடு நிற்கிறோம்.

ஒரே நாளில் வழித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உள்ளே இருக்கிற உயிர்களில் பாதி அந்தச் சக்கரத்தில் நசுங்கும். மீதி ஓடும். எங்கே ஓடும்? ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், ஒரு பக்கம் ரோடு, மிச்சம் இருப்பது நம் காம்பவுண்டு சுவர். சுத்தம் செய்த வாரத்தில்தான் வீட்டுக்குள் பாம்பு அதிகம் வரும், 2015 வெள்ளத்தில் தண்ணீர் துரத்தியபோது மாடிப்படி வரைக்கும் வந்ததே, அதே கணக்குதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ராத்திரியில் பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை ரோட்டைக் கடந்த வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம். அது யாரையும் தேடி வரவில்லை, தன் ஏரி நிரம்பியதால் நடந்தது. சதுப்பு முதலை கூச்ச சுபாவம் உள்ளது, ஆளைச் சீண்டாமல் விலகத்தான் பார்க்கும் என்று அப்போதே வனத்துறைத் தரப்பிலும் சொன்னார்கள்.

அதற்காக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலிகாத்தானை எடுக்க வேண்டும், அதாவது சீமைக்கருவேலம். அது நம் மண்ணின் மரம் இல்லை, விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பியது, வேறு எதையும் வளரவிடாது. வெட்டினால் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும் என்பதால் வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு ஜேசிபி வேண்டும்தான், வரட்டும். ஆனால் அந்த மரங்களுக்கு மட்டும். நுணா, வேம்பு, பனை, சங்கஞ்செடி, காரைப்புதர் இவற்றின் மேல் சிவப்புத் துணி கட்டிவிடலாம், டிரைவருக்குத் தெரியும். வீடுகளை ஒட்டி இருபதடிக்குப் புல்லைக் கையால் வெட்டி வைப்போம், வெட்டும்போது தெருப் பக்கமிருந்து ஆரம்பித்து ஏரியைப் பார்த்துப் போக வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பவை ஏரிப்பக்கம் நகரும். நெருப்பு வைக்கவே கூடாது. கடைசி விளக்குக்கு அப்பால் இன்னும் இரண்டு கம்பம் கேட்டு மனு எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள், நம் பெண்கள் இருட்டில் நடக்க வேண்டியதில்லை. விளக்கைத் தெருவைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், புதரைப் பார்த்து அல்ல. சோற்று மூட்டையை இன்றிலிருந்தே நிறுத்துவோம். இதெல்லாம் செய்ய ஒரு நாள் போதாது, இரண்டு மாதம் ஆகும், நான் தினமும் காலையில் வந்து நிற்கிறேன்.

முடிவை இன்றைக்கே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கடைசி விளக்குக் கம்பத்தடியில் இருப்பேன். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு டார்ச், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், புதருக்குள் இறங்க மாட்டோம், பாதையிலேயே நிற்போம். ஆறே முக்கால் வாக்கில் அந்த வீட்டின் மேல் ஜன்னலிலிருந்து கூகை வெளியே வரும். இந்த வருஷம் குஞ்சு இருக்கிறது, மூன்று என்று நினைக்கிறேன், உஸ் உஸ் என்று தீனி கேட்கிற சத்தம் பாதை வரைக்கும் கேட்கிறது.